வாக்கெடுப்பில்லாத வரி

ஓர் அரசாங்கம் தன் செலவுக்குப் பணம் தேடும் வழிகள் மூன்று. முதலாவது, மக்கள்மீது வரி விதித்தல். அதற்குப் பாராளுமன்றத்தின் வாக்கு வேண்டும். இரண்டாவது, கடன் வாங்குதல். அதற்குக் கடன் கொடுப்போனின் சம்மதம் வேண்டும். மூன்றாவது, புதிதாகப் பணத்தைப் படைத்துக்கொள்ளுதல். இதற்கு மக்களின் வாக்கும் வேண்டியதில்லை, கடன் கொடுப்போனின் சம்மதமும் வேண்டியதில்லை. கொழும்புக் கோட்டையில், ஜனாதிபதி மாவத்தையில் உயர்ந்து நிற்கும் ஒரு கட்டடத்தின் இசைவு போதும். அக்கட்டடமே இலங்கை மத்திய வங்கி.

முதலிரு வழிகளும் அடைபடும்போது மூன்றாம் வழியை நாடாத அரசாங்கம் உலகில் அரிது. ஆதலால் மத்திய வங்கியின் தலையாய கடமை யாது என எவரேனும் வினவின், நாணயத்தாள் அச்சிடுதல் என்றோ வட்டி வீதத்தைக் குறித்தல் என்றோ நாம் விடை பகரமாட்டோம். அரசாங்கமே கையேந்தி வந்து நிற்கும் வேளையில் "இல்லை" என்று சொல்லுதலே அதன் தலையாய கடமை. அக்கடமை தவறியபோது மக்கள் கொடுத்த விலை எத்தகையது என்பதை 2022ஆம் ஆண்டு காட்டிற்று. அக்கடமைக்குச் சட்டத்தின் அரண் 2023ஆம் ஆண்டிலேதான் கிட்டியது. அந்த அரணைக் காக்கும் பொறுப்பு தமிழ் பேசும் மக்களின் பிரதிநிதிகளுக்கும் உண்டு என்பதை இவ்வாரம் எடுத்துரைக்க விரும்புகிறோம்.

நமக்கு என்ன?

"மத்திய வங்கி கொழும்பாரின் விவகாரம், பொருளியல் வல்லுநர் தமக்குள் பேசிக்கொள்ள வேண்டியது, நமக்கு நிலமும் மொழியும் உரிமையும் அன்றோ பிரச்சினை?" என்று கேட்போர் நம்மிடையே உளர். அவர்களுக்கு நாம் கூறும் மறுமொழி எளியது. வலிகாமத்துச் செம்மண்ணில் வெங்காயம் நட்டவன் மடியிலுள்ள ரூபாவும், மன்னார்க் கரையில் வலை இழுத்தவன் கையிலுள்ள ரூபாவும், அட்டனில் கொழுந்து கொய்தவள் சேலைத் தலைப்பில் முடிந்து வைத்த ரூபாவும், கொழும்பிலே அமைச்சரின் பணப்பையிலுள்ள ரூபாவும் ஒன்றே. அந்த ரூபாவின் மதிப்பைக் குறைக்கும் கை நால்வரின் மடியிலும் ஒரே வேளையில் புகுகின்றது. ஆயினும் நால்வரும் ஒரே அளவில் இழப்பதில்லை. நிலமும் வீடும் வெளிநாட்டு நாணயமும் உடையவன் தப்பிக்கொள்வான். அன்றாடக் கூலியும் சிறு சேமிப்பும் மட்டுமே உடையவன் அகப்பட்டுக்கொள்வான். தமிழ் பேசும் மக்களில் பெரும்பாலோர் எந்த வரிசையில் நிற்கின்றனர் என்பதை நாம் எடுத்துக் கூற வேண்டியதில்லை.

மத்திய வங்கியின் பணிகள் பல. நாணயத்தாளை வெளியிடும் தனியுரிமை அதற்கே உரியது. வங்கிகளுக்கெல்லாம் அதுவே வங்கி. நல்ல நிலையிலுள்ள வங்கியொன்று திடீரெனப் பணமின்றித் தவிக்கும்போது இறுதியாகக் கைகொடுப்பதும் அதுவே. நாட்டின் அந்நியச் செலாவணிக் கையிருப்பை அது பேணுகிறது. வங்கிகளையும் நிதிக் கம்பனிகளையும் கண்காணிக்கிறது. தான் குறிக்கும் கொள்கை வட்டி வீதத்தின் மூலம், நாட்டில் கடன் மலிவாய்க் கிடைக்குமா அரிதாய்க் கிடைக்குமா என்பதைத் தீர்மானிக்கிறது. இவையனைத்துக்கும் அடியில் கிடப்பது ஒரே அதிகாரம்: இல்லாத பணத்தை உண்டாக்கும் அதிகாரம்.

"அச்சிடுதல்" என்று பேச்சு வழக்கில் நாம் சொன்னாலும், இதற்கு அச்சு இயந்திரம் சுழல வேண்டியதில்லை. அரசாங்கம் திறைசேரி உண்டியல் என்னும் கடன் பத்திரத்தை வெளியிடும். வெளியில் அதை வாங்குவோர் இல்லையெனில் மத்திய வங்கி வாங்கிக்கொள்ளும். விலையாக, அரசாங்கத்தின் கணக்கில் ஒரு தொகையை வரவு எழுதும். எவரும் சேமிக்காத, எவரும் உழைத்து ஈட்டாத தொகை அது. அத்தொகையைக் கொண்டு அரசாங்கம் சம்பளம் கொடுக்கும், பொருள் வாங்கும். சந்தையிலே அரிசி கூடவில்லை, பருப்பு கூடவில்லை. பணம் மட்டும் கூடிவிட்டது. பின்னர் விலை ஏறாமல் வேறென்ன செய்யும்?

முறிந்த வங்கியிலிருந்து மத்திய வங்கிக்கு

இந்நாட்டு நாணயத்தாளின் வரலாற்றில் ஒரு முறிவு பெரும் திருப்பமாய் அமைந்தது. கோப்பிச் செடியை நோய் தின்று தோட்டங்கள் அழிந்த காலத்தில், 1884ஆம் ஆண்டு மே மாதம் ஓரியண்டல் வங்கி கதவடைத்தது. அந்நாளில் நோட்டு வெளியிட்டவை தனியார் வங்கிகளே. கையிலிருந்த நோட்டு வெறுங் கடதாசியாய்ப் போய்விடும் என மக்கள் அஞ்சிய வேளையில், தேசாதிபதி சேர் ஆதர் கோர்டன் அந்நோட்டுகளுக்கு அரசாங்கமே பொறுப்பு என அறிவித்தார். அவ்வாண்டின் 32ஆம் இலக்கக் கட்டளைச் சட்டம் நோட்டு வெளியிடும் பொறுப்பை நாணய ஆணையாளர் சபையிடம் ஒப்புவித்தது.

அந்த ஆணையாளருக்குத் தம் விருப்பப்படி ஒன்றும் செய்ய இயலாது. வெளியிடும் நோட்டுக்கு ஈடாக இந்திய ரூபாவோ தக்க பிணையங்களோ கையிருப்பில் இருத்தல் வேண்டும். ஏற்றுமதி வருவாய் பெருகினால் நாட்டில் பணம் பெருகும். அது குறைந்தால் பணமும் சுருங்கும். அரசாங்கம் நினைத்தபடி பணத்தைப் படைத்துச் செலவிட முடியாமை அம்முறையின் நன்மை. நெருக்கடி வந்தபோது வங்கிகளுக்கோ தொழிலுக்கோ கைகொடுக்க முடியாமை அதன் தீமை.

சுதந்திரத்தின் பின் இத்தீமையை நீக்க முனைந்த அரசாங்கம், அமெரிக்க மத்திய வங்கி அமைப்பைச் சேர்ந்த ஜோன் எக்ஸ்ரர் என்பாரை அழைத்தது. அவரது அறிக்கையின் வழியே 1949ஆம் ஆண்டின் 58ஆம் இலக்க நாணய விதிச் சட்டம் பிறந்தது. அப்போது நிதி அமைச்சராயிருந்தவர் ஜே. ஆர். ஜெயவர்த்தனா. 1950ஆம் ஆண்டு ஓகஸ்ட் 28ஆம் திகதி மத்திய வங்கி தொழிற்படத் தொடங்கியது. எக்ஸ்ரரே முதல் ஆளுநரானார்.

இங்கே ஒன்றை நினைவூட்ட வேண்டும். அதே 1949ஆம் ஆண்டின் 48ஆம் இலக்கச் சட்டத்தினாலேதான் மலையகத் தோட்டத் தொழிலாளரின் வாக்குரிமை பறிபோயிற்று. ஒரே ஆண்டில், ஒரே பாராளுமன்றத்தில், பத்து இலக்க இடைவெளியில் இவ்விரு சட்டங்களும் நிறைவேறின. நாட்டின் அந்நியச் செலாவணியில் பெரும் பங்கைத் தம் வியர்வையால் ஈட்டிக் கொடுத்த மக்கள், அச்செலாவணியை ஆளப்போகும் நிறுவனம் எழுந்தபோது வாக்கற்றவராய் நின்றனர். வாக்கெடுப்பில்லாத வரியின் சுமை எவர் தலையில் முதலில் விழும் என்பதற்கு இதைவிடத் தெளிந்த முன்னறிவிப்பு வேண்டுமா?

திறந்து விடப்பட்ட கதவுகள்

நாணய விதிச் சட்டம் வங்கியிடம் பெரும் அதிகாரத்தைக் கொடுத்தது; ரூபாவின் மதிப்பைக் காக்கும் கடமையையும் சேர்த்தே கொடுத்தது. ஆயினும் அரசாங்கம் உள்ளே நுழைவதற்குச் சில கதவுகளையும் அது திறந்து வைத்தது.

முதற் கதவு 89ஆம் பிரிவு. நடப்பு ஆண்டின் மதிப்பிட்ட அரச வருமானத்தில் 10 சதவீதம் வரை அரசாங்கத்துக்குத் தற்காலிக முற்பணம் கொடுக்க அது இடமளித்தது. ஆறு மாதத்துள் திருப்பித் தரவேண்டும் என்பது விதி. பழைய முற்பணத்தை அடைத்துப் புதியதைப் பெற்றுக்கொள்ளும் வழக்கத்தினால் "தற்காலிகம்" என்ற சொல் பொருளிழந்தது.

இரண்டாம் கதவு சபையின் அமைப்பு. வங்கியை ஆளும் நாணயச் சபை தொடக்கத்தில் மூவரைக் கொண்டது. அம்மூவரில் ஒருவர் நிதி அமைச்சின் செயலாளர். பணம் கேட்பவரும் கொடுப்பதா மறுப்பதா எனத் தீர்மானிப்பவரும் ஒரே மேசையில் அமர்ந்தனர். கடன் கேட்டு வந்தவனையே கடன் கொடுக்கும் சபையில் அங்கத்தவனாக்கும் வழக்கம் எந்தக் கிராமத்துச் சீட்டிலும் இல்லை.

மூன்றாம் கதவு 116ஆம் பிரிவு. அமைச்சருக்கும் நாணயச் சபைக்கும் கொள்கையில் உடன்பாடு ஏற்படாவிடின், அரசாங்கம் பொறுப்பை ஏற்பதாகத் தெரிவித்து, தன் கொள்கையை நிறைவேற்றுமாறு சபைக்கு அமைச்சர் பணிக்கலாம். சட்டம் பயின்ற கண்ணுக்கு இப்பிரிவு மூன்றிலும் நேர்மையானதாய்த் தோன்றும். பணம் படைக்க வேண்டுமெனில் அமைச்சரே வெளிப்படையாய்ப் பொறுப்பேற்க வேண்டும் என்பது அதன் உட்கருத்து. ஆனால் மறுத்துப் பேசும் துணிவு சபையிடம் இல்லாதபோது பணிப்பாணைக்கு ஏது தேவை? முரண்பாடே எழாத இடத்தில் பொறுப்பேற்க எவரும் இரார்.

வாசல் முழுவதும் திறந்தபோது

2019ஆம் ஆண்டின் இறுதியில் புதிய அரசாங்கம் வரிகளைக் குறைத்தது. பெறுமதி சேர் வரி 15 சதவீதத்திலிருந்து 8 சதவீதமாயிற்று. வரி செலுத்தும் கடப்பாடுடைய வர்த்தகரின் தொகையும் சுருங்கியது. அதனையடுத்து உலகையே தாக்கிய கொள்ளைநோயினால் உல்லாசப் பயணிகளின் வருகை நின்றது. வருமானம் விழுந்தது, செலவு விழவில்லை. திறைசேரி உண்டியலுக்கு வட்டியின் உச்ச வரம்பைக் குறைவாய்க் குறித்தமையால் அதை வாங்க வெளியார் முன்வரவில்லை. எஞ்சியதை மத்திய வங்கியே வாங்கிக் குவித்தது.

2019ஆம் ஆண்டின் இறுதியில் வங்கியிடமிருந்த அரச பிணையங்களின் பெறுமதி 10,000 கோடி ரூபாவுக்கும் குறைவு. 2022ஆம் ஆண்டின் இறுதியில் அது இரண்டரை இலட்சம் கோடி ரூபா அளவை எட்டியது. இவ்வளவு பணம் உள்ளே வந்தபோதும், ஒரு டொலர் 200 ரூபா அளவிலேயே நிற்க வேண்டும் எனப் பிடித்து வைத்தனர். அப்பிடியைக் காப்பதில் கையிருப்பிலிருந்த டொலர் கரைந்தது. 2022 மார்ச் 7ஆம் திகதி பிடி தளர்ந்தது. இரண்டு மாதத்துள் ஒரு டொலர் 360 ரூபா அளவுக்குப் போயிற்று. ஏப்பிரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது.

இக்காலத்தில் ஆளுநர் பதவி பட்ட பாட்டையும் குறிப்பிடல் வேண்டும். ஆளுநரின் பதவிக்காலம் ஆறு ஆண்டுகள் என்பது சட்டம். 2019 டிசெம்பர் முதல் 2022 ஏப்பிரல் வரையிலான காலத்துள் மூவர் அப்பதவியை ஏற்றனர். அவருள் 2021 செப்டெம்பரில் பதவியேற்றவர், அதே மாதம் வரை அந்த அரசாங்கத்தின் இராஜாங்க அமைச்சராயிருந்தவர். "இல்லை" என்னும் சொல் அந்த நாற்காலியிலிருந்து எழும் என்று எவர் எதிர்பார்த்திருக்க முடியும்?

விலையேற்றத்தின் முழுப் பழியையும் மத்திய வங்கியின் மீது சுமத்துதல் நீதியன்று. எரிபொருளின் உலக விலை ஏறியது. 2021ஆம் ஆண்டு இரசாயன உரத்துக்கு விதித்த தடையால் விளைச்சல் வீழ்ந்தது. கொள்ளைநோயின் பங்கும் சிறிதன்று. ஆயினும் இவற்றால் வந்த காயத்தைப் பெரும் புண்ணாக்கியது எல்லையற்ற பணப் பெருக்கமே. 2022 செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச் சுட்டெண்ணின்படி பணவீக்கம் 69.8 சதவீதம், உணவுப் பொருள்களில் மட்டும் 94.9 சதவீதம்.

இவ்விலக்கங்களின் பொருளை ஒரு தொழிலாளியின் கூலியில் வைத்துப் பார்ப்போம். தோட்டத் தொழிலாளர் பல ஆண்டுகள் போராடி 2021 மார்ச் மாதத்தில் நாட்கூலி 1,000 ரூபா என்ற நிலையை எட்டினர். 2022 செப்டெம்பரில் அந்த 1,000 ரூபா, அதற்கு ஓராண்டு முன் 589 ரூபா வாங்கிய அளவுப் பொருளையே வாங்கியது. உணவை மட்டும் கணக்கிட்டால் 513 ரூபாவுக்குரிய பொருளையே வாங்கியது. கூலியின் பெரும்பகுதி உணவுக்கே போகும் குடும்பத்தில் இரண்டாம் கணக்கே உண்மைக்கு அண்மையானது. மேடையேறிக் கேட்டு, வேலைநிறுத்தம் செய்து, வர்த்தமானியில் பெற்ற உயர்வை ஓராண்டுள் ஒரு கணக்கேட்டு வரி விழுங்கிவிட்டது. அவ்வடிப்படைக் கூலி 1,350 ரூபாவாக உயர்த்தப்பட 2024ஆம் ஆண்டு வரை காத்திருக்க வேண்டியதாயிற்று. நாட்டில் வறியோரின் விகிதம் 2021ஆம் ஆண்டின் 13.1 சதவீதத்திலிருந்து 2022இல் 25 சதவீதமானது என்பது உலக வங்கியின் கணிப்பு.

இப்போது அரசியலமைப்பைத் திறந்து பார்ப்போம். பொது நிதியின்மீது முழுக் கட்டுப்பாடும் பாராளுமன்றத்துக்கே உரியது. பாராளுமன்றம் இயற்றிய சட்டத்தின் அதிகாரமின்றி எப்பொது அதிகாரியும் வரி விதிக்கலாகாது என்கிறது 148ஆம் உறுப்புரை. தோட்டத் தொழிலாளியின் கூலியில் ஆயிரத்துக்கு நானூறு ரூபா அறவிடுவோம் என்று ஒரு நிதி அமைச்சர் பாராளுமன்றத்தில் மசோதா கொண்டுவந்திருந்தால் என்ன நடந்திருக்கும்? அரசாங்கக் கட்சியின் அங்கத்தவரே அதற்குக் கை உயர்த்தத் துணியார். ஆனால் அதற்கு ஒப்பான பறிப்பு மசோதாவின்றி, விவாதமின்றி, வாக்கெடுப்பின்றி நடந்தேறியது. சட்ட நூலில் அதற்கு வரி என்ற பெயர் இல்லை. கொடுத்தவனின் மடிக்கோ அது வரியேதான்.

2023 நவம்பர் 14ஆம் திகதி உயர் நீதிமன்றம் தன் பெரும்பான்மைத் தீர்ப்பை வழங்கியது. முன்னாள் ஜனாதிபதி கோட்டாபய ராஜபக்ஷ, முன்னாள் பிரதமர் மகிந்த ராஜபக்ஷ, முன்னாள் நிதி அமைச்சர் பசில் ராஜபக்ஷ, முன்னாள் ஆளுநர்கள் இருவர், நாணயச் சபை முதலியோர் பொது நம்பிக்கையை மீறினர் என்றும், சட்டத்தின் முன் சமத்துவத்தை உறுதி செய்யும் 12(1) உறுப்புரை மீறப்பட்டது என்றும் அத்தீர்ப்பு கூறிற்று. நாணயத்தை ஆள்வோரும் மக்களின் பொறுப்பாளரே என்ற கோட்பாடு அதனால் நிலைபெற்றது. தொழிலாளி இழந்த கூலியை அது மீட்டுத் தரவில்லை. அதனால்தான் தீங்கு நடந்தபின் வரும் தீர்ப்பைவிட, தீங்கைத் தடுக்கும் சட்டம் மேலானது.

புதிய சட்டம்

அத்தகைய சட்டம் 2023ஆம் ஆண்டின் 16ஆம் இலக்க இலங்கை மத்திய வங்கிச் சட்டம். அவ்வாண்டு செப்டெம்பர் 15ஆம் திகதி நடைமுறைக்கு வந்த அது, பழைய நாணய விதிச் சட்டத்தை நீக்கியது. உள்நாட்டு விலை நிலைபேற்றைக் காத்தலே வங்கியின் முதன்மை நோக்கு என வகுத்தது. அதன் 86ஆம் பிரிவு அரசாங்கத்துக்கு வங்கி கடன் கொடுப்பதையும், அரச பிணையங்களை வெளியீட்டின்போதே வாங்குவதையும் தடுக்கிறது. திறைசேரியின் செயலாளர் சபையில் அங்கத்தவராய் அமரும் வழக்கமும் ஒழிந்தது. ஆளுநரின் நியமனத்துக்கு அரசியலமைப்புப் பேரவையின் அங்கீகாரம் வேண்டும். பழைய சட்டம் திறந்து வைத்த கதவுகள் இவ்வாறு சாத்தப்பட்டன.

இதற்கு மாறாக இரு வாதங்கள் எழுகின்றன. இரண்டுக்கும் விடை கூறுதல் நம் கடன்.

முதல் வாதம்: மக்களால் தெரிவு செய்யப்படாத சிலர் கையில் நாணயத்தை ஒப்படைத்தல் சனநாயகமாகுமா? மேலோட்டமாய்ப் பார்க்கின் இது வலிய கேள்வி. ஆனால் நீதியரசரையும் நாம் வாக்களித்துத் தெரிவு செய்வதில்லை. சட்டத்தை மக்கள் மன்றம் வகுக்கிறது. அச்சட்டத்தின்படி தீர்ப்பதை நீதிமன்றத்திடம் விடுகிறோம். நாணயத்திலும் அம்முறையே. இலக்கைக் குறிப்பது அரசாங்கம். 2023 ஒக்டோபரில் வர்த்தமானியில் வெளியான உடன்பாட்டின்படி நிதி அமைச்சரும் வங்கியும் இணங்கிய பணவீக்க இலக்கு 5 சதவீதம். அவ்விலக்கை எட்டும் வழியை வங்கி தெரிந்துகொள்கிறது. தொடர்ந்து இரு காலாண்டுகள் இலக்கிலிருந்து 2 சதவீதப் புள்ளிக்கு மேல் விலகினால், காரணம் கூறிப் பாராளுமன்றத்துக்கு அறிக்கை கொடுத்தல் வேண்டும். 2024 செப்டெம்பர் முதல் 2025 நடுப்பகுதி வரை விலைமட்டம் முந்திய ஆண்டைவிடத் தாழ்ந்திருந்தது. இலக்குக்குக் கீழே போனதற்கும் வங்கி விளக்கம் கூறியாக வேண்டியிருந்தது. இது சனநாயகத்துக்கு ஊறு செய்யும் ஏற்பாடன்று. பாராளுமன்றத்திடமிருந்து களவாடப்பட்ட வரி அதிகாரத்தை அதனிடமே மீட்டுக் கொடுக்கும் ஏற்பாடு.

இரண்டாம் வாதம்: வங்கியின் கண்டிப்பும் ஏழையைத்தானே வாட்டுகிறது? 2022 ஏப்பிரலில் கொள்கை வட்டி வீதத்தை ஒரே முறையில் 7 சதவீதப் புள்ளிகளால் உயர்த்தியபோது சிறு வியாபாரியும் கமக்காரனும் திணறினர். நகைகள் அடகுக்குப் போயின. இதை நாம் மறுக்கவில்லை. ஆனால் இரண்டு ஆண்டுகள் சொல்லவேண்டிய "இல்லை"யைச் சொல்லாமல் சேர்த்து வைத்து, ஒரே நாளில் சொன்னதன் கொடுமை அது. நாட்பட்ட நோய்க்குக் கத்தி வேண்டியதாயிற்று. நோயின் தொடக்கத்தில் ஒரு வேளைப் பத்தியம் போதுமானதாய் இருந்திருக்கும்.

சாத்திய கதவும் திறந்த சன்னலும்

கதவு சாத்தப்பட்டுவிட்டது என்று நாம் உறங்கிவிடலாகாது. சட்டத்தை இயற்றிய கை அதைத் திருத்தவும் வல்லது. தேர்தல் நெருங்கும்போதும், வெள்ளமும் வறட்சியும் வரும்போதும், "இம்முறை மட்டும்" என்ற குரல் எழும். வெளியீட்டின்போது வாங்குவதைச் சட்டம் தடுத்தாலும், வெளிச் சந்தையில் வாங்கி விற்பதை நாணயக் கொள்கைத் தேவைக்காக அனுமதித்துள்ளது. உரிய அளவில் அது நியாயமான கருவி; அளவு மீறினால் கதவுக்குப் பதிலாய்ச் சன்னல் வழியே நடக்கும் அதே வேலை.

சுதந்திரம் வேறு, தன்னிச்சை வேறு என்பதையும் வங்கி மறத்தலாகாது. நாடு வயிற்றைக் கட்டிக்கொண்டிருந்த 2024ஆம் ஆண்டில் தன் ஊழியரின் சம்பளத்தை வங்கி பெருமளவில் உயர்த்தியபோது பாராளுமன்றத்திலும் வெளியிலும் எழுந்த கண்டனம் முறையானதே. பிறருக்கு "இல்லை" சொல்லும் உரிமை, தனக்கும் "இல்லை" சொல்லத் தெரிந்தவனுக்கே அழகு.

எல்லாவற்றுக்கும் மேலாக ஊழியர் சேமலாப நிதி. 1958ஆம் ஆண்டின் 15ஆம் இலக்கச் சட்டம் இந்நிதியின் பாதுகாப்பை நாணயச் சபையிடம் ஒப்புவித்தது. தோட்டத்திலும் தொழிற்சாலையிலும் கடையிலும் உழைப்போர் முதுமைக்கென ஒதுக்கிய பணம் அது. 2022ஆம் ஆண்டுக்கு அங்கத்தவர் கணக்கில் சேர்ந்த வட்டி 9 சதவீதம். விலையேறிய வேகத்தை மேலே கண்டோம். அடுத்த ஆண்டு உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு வந்தபோது, நிதியிடமிருந்த திறைசேரி முறிகள் நீண்ட தவணைக்கு மாற்றப்பட்டன. அவற்றின் வட்டி முதலில் 12 சதவீதம், பின்னர் 9 சதவீதம். இணங்காத நிதிகளுக்கு 14 சதவீத வருமான வரிக்குப் பதிலாக 30 சதவீதம் என்ற மிரட்டலும் உடன் இருந்தது. வங்கிகளிடமிருந்த முறிகள் தொடப்படவில்லை. வங்கிகள் முறிந்தால் வைப்பாளர் அழிவர் என அரசாங்கம் காட்டிய காரணத்தில் உண்மை உண்டு. ஆனால் தொழிலாளிக்காக வாதாட வேண்டிய பாதுகாவலனே, அரசாங்கத்தின் கடன் அலுவலைப் பார்த்த முகவனுமாய் இருந்தான். வழக்கின் இரு தரப்புக்கும் ஒரே சட்டத்தரணி ஆஜராவதை எந்த நீதிமன்றம் ஏற்கும்? கடன் முகாமையை மத்திய வங்கியிடமிருந்து பிரிக்க 2024ஆம் ஆண்டில் தனிச் சட்டம் இயற்றப்பட்டது நன்று. தொழிலாளரின் நிதிக்கும், அவர்தம் பிரதிநிதிகள் அமரும் தனியான பொறுப்பாளர் சபை வேண்டும்.

நம் கோரிக்கை

தமிழ் பேசும் மக்கள் அதிகாரப் பகிர்வைக் கோருபவர்கள். ஆனால் நாம் எத்துணைப் பரந்த அதிகாரத்தைப் பெற்றாலும் நாணயம் மத்தியிலேயே நிற்கும். 1987ஆம் ஆண்டின் பதின்மூன்றாம் திருத்தமும் நாணயக் கொள்கையை ஒதுக்கிய நிரலிலேயே வைத்தது. சமஷ்டி நாடுகளிலும் நாணயம் நடுவண் அதிகாரமே. எனவே நம் கைக்கு ஒருபோதும் வராத இவ்வதிகாரம் எவர் கையில், எந்தச் சட்டத்துக்கு அடங்கி இருக்கிறது என்பது நமக்கு மற்றெவரையும்விட முக்கியமானது. பெரும்பான்மை பெற்ற எந்த அரசாங்கமும் தன் விருப்பப்படி திறக்கும் பெட்டியாக அது இருக்குமாயின், நாளை நமக்குக் கிடைக்கும் மாகாண நிதியும் மதிப்பிழந்த கடதாசியாகவே வந்து சேரும். சட்டத்துக்குக் கட்டுப்பட்டுப் பெரும்பான்மைக்கும் "இல்லை" சொல்லும் நிறுவனங்கள் இந்நாட்டில் மிகச் சில. சிறுபான்மையாய் வாழும் மக்களுக்கு அத்தகைய ஒவ்வொன்றும் அரண்.

ஆதலின் நம் பாராளுமன்றப் பிரதிநிதிகளிடம் மூன்றைக் கோருகிறோம். 86ஆம் பிரிவைத் தளர்த்தும் எத்திருத்தத்தையும், அதை எந்தக் கட்சி கொண்டுவரினும், எதிர்த்து வாக்களியுங்கள். வங்கியின் அறிக்கை பாராளுமன்றத்துக்கு வரும்போது வாசித்துக் கேள்வி எழுப்புங்கள். வெற்று ஆசனம் எவரிடமும் கணக்குக் கேட்பதில்லை. தொழிலாளரின் சேமலாப நிதிக்குச் சுதந்திரமான பொறுப்பாளர் சபை அமைக்குமாறு மலையகப் பிரதிநிதிகளோடு சேர்ந்து ஒரே குரலில் வலியுறுத்துங்கள்.

1949ஆம் ஆண்டில் கொழுந்து கொய்தவளுக்கு வாக்கு இல்லை. இன்று அவளுடைய பேத்திக்கு வாக்கு உண்டு. அந்த வாக்கைக் கேளாமல் அவள் கூலியில் இனியொரு வரி விழுமாயின், அதற்கு இடங்கொடுத்த பழி கொழும்பை மட்டும் சேராது. வாக்கை வாங்கிக்கொண்டு வாளாவிருந்த நம்மவரையும் சேரும்.